மரம் எண் 4127

டெல்லியின் நெடிய சரித்திரத்தில் ராஜ்யங்கள் எழுந்தன, விழுந்தன, அவை கிடக்கட்டும். உண்மையிலேயே முக்கியமான சம்பவம் சென்ற சித்திரை முதல் தேதி காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு மயூர் விஹாரில் நடந்தது. அதற்கு முந்தின நாளே வைகைக்கரை அபார்ட்மென்ட்ஸின் அறிவிப்புப் பலகையில், லிஃப்ட் பழுதுக்கும் தண்ணீர் டாங்கி கழுவும் தேதிக்கும் நடுவில், கீழ்க்கண்ட சுற்றறிக்கை குத்தப்பட்டிருந்தது:

“நமது வளாகத்தின் வடகிழக்கு மூலையில் நிற்கும் மரம் எண் 4127, பன்னிரண்டு ஆண்டுகாலப் பரிசீலனைக்குப் பின், ஒரு காய் காய்த்திருப்பதை உறுப்பினர்கள் அனைவரும் மகிழ்ச்சியுடன் குறித்துக்கொள்ளவும். மேற்படி காய் நாளைக் காலை பிள்ளையார் சன்னிதியில் உடைக்கப்படும். குடும்பத்துக்கு இருவர் மட்டும் வரவும். காய் ஒன்றுதான்.”

கீழே கஸ்தூரிரங்கன், துணைச் செயலாளர், மத்திய அரசு, ஓய்வு என்று கையெழுத்து.

படித்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். காய் என்றால் என்ன காய்? தெரியாமல் கேட்கவில்லை. அந்த மூலையில் நிற்பது தென்னை மரம் என்று அங்கே தவழும் குழந்தைக்கும் தெரியும். ஆனால் சுற்றறிக்கையில் ‘தென்னை’ என்ற சொல்லும் இல்லை, ‘தேங்காய்’ என்ற சொல்லும் இல்லை. ஒரு கால்புள்ளி விட்டுப்போனதற்காகக் கோப்பை மூன்று முறை திருப்பியனுப்பிய மனிதர், பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்த சொல்லை எழுதாமல் விட்டுவிட்டார்.

மறதி இல்லை. எழுதினால் மரம் போய்விடும்.

அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால், கஸ்தூரிரங்கன் ஓய்வு பெற்ற நாளுக்குப் போக வேண்டும்.

முப்பத்தைந்து வருஷம் அவர் அரசாங்கத்தில் இருந்தார். அத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் நன்றி என்று சொன்னதில்லை. திமிர் என்று சொல்லிவிட முடியாது. கோப்பில் அதற்கு இடம் கிடையாது, அவ்வளவுதான். யாராவது நல்லது செய்தால் ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று எழுதுவார். வீட்டிலும் அதே நடைமுறை. மனைவி ருக்மிணி முறுகலாக ஒரு அடை வார்த்துப் போட்டால் தலையை ஒருமுறை அசைப்பார். அடை குறித்துக்கொள்ளப்பட்டது என்று அவளும் அடுத்ததை வார்ப்பாள்.

ஓய்வு பெறும் நாளில் அலுவலகம் அவருக்கு ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு ஒரு தேங்காய் கொடுத்தது. சால்வையைப் பூச்சி தின்றது. கடிகாரம் ஏழாவது வாரம் நின்றது. தேங்காய் மட்டும் சமையலறையில் காஸ் சிலிண்டருக்குப் பின்னால் உருண்டு போய், கேட்பாரற்றுக் கிடந்தது. மழைக்காலத்தில் சிலிண்டர் மாற்ற வந்த ஆள்தான் அதை எடுத்துக் காட்டினான். குடுமி இருந்த இடத்தில் விரல் நீளத்துக்குப் பச்சையாக ஒரு கொம்பு முளைத்திருந்தது.

கஸ்தூரிரங்கன் அதை இரண்டு கையாலும் வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அலுவலகம் தந்ததில் ஓய்வு பெறாதது அது ஒன்றுதான். அவருக்கு அப்போது ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. காலை பதினொரு மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் தினமும் ஒரே செய்தித்தாளை இரண்டு தரம் படித்துக்கொண்டிருந்தார். முளைத்த தேங்காயைப் பார்த்ததும் அவருக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது.

வளாகத்தின் வடகிழக்கு மூலையில் குழி வெட்டினாள் முத்தம்மா. வெட்டியது அவள், வெட்டப்பட்டதை மேற்பார்வை செய்தது அவர். முத்தம்மாவுக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம். கட்டட வேலைக்குப் புருஷனோடு டெல்லிக்கு வந்து, கட்டடம் முடிந்த பிறகு அதே கட்டடத்தைப் பெருக்கும் வேலையில் அமர்ந்தவள். சாலைக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை வீடுகளில் ஒன்றில் இருந்தாள். குழியில் ஒரு படி உப்பும் சாம்பலும் போட்டு, மண் மூடி, காலால் மிதித்துவிட்டு, “குளிரு தாங்குமா சார்?” என்று மட்டும் கேட்டாள். தாங்கும் என்பதற்குக் கஸ்தூரிரங்கன் பதினைந்து நிமிடம் காரணம் சொன்னார். அவள் பத்தாவது நிமிடத்தில் பெருக்கப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே பலகையில் அவருடைய முதல் சுற்றறிக்கை ஏறியது. ஏழு ஆண்டுகளில் பிள்ளையாருக்கு உடைக்கும் தேங்காய் நம் வளாகத்திலேயே காய்க்கும் என்றும், டெல்லியில் தென்னை வளராது என்ற பொதுக்கருத்து ஆதாரமற்றது என்றும் அதில் இருந்தது. ருக்மிணி படித்துப் பார்த்துவிட்டு, “ஏன்னா, தும்பிக்கையாழ்வார் கேட்டாரா இதெல்லாம்?” என்றாள். அவர்கள் வீட்டில் பிள்ளையாருக்கு அதுதான் பெயர்.

ஏழு வருஷம் ஆயிற்று. மரம் வளர்ந்தது, காய்க்கவில்லை. எட்டு ஆயிற்று. ஒன்பதாம் வருஷம் முதல் பாளை வெடித்தது. பிஞ்சுகள் பிடித்தன, ஜனவரி மாத மூடுபனியில் ஒன்று மிச்சமில்லாமல் உதிர்ந்தன. அடுத்த வருஷமும் அதே கதை. உதிர்ந்த குரும்பைகளைக் கஸ்தூரிரங்கன் பொறுக்கி, தேதி எழுதி, மருந்து டப்பாவில் போட்டு வைத்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. ஆதாரம் என்று ஒன்று இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் அந்த மரம் சும்மா நிற்கவில்லை. விழுந்த மட்டைகளை முத்தம்மா இழுத்துக்கொண்டு போய், ஈர்க்கை உரித்து, விளக்குமாறு கட்டினாள். வைகைக்கரையின் நாற்பத்தெட்டு வீட்டிலும் பால்கனி பெருக்குவது அந்த விளக்குமாறுதான். பிள்ளையார் சதுர்த்திக்குக் கீற்று முடைந்து பந்தல் போட்டாள். ஆவணியில் தோரணம், கல்யாண வீட்டுக்கு வாசல் கட்ட ஓலை, எல்லாம் அதிலிருந்துதான். ஆனால் சங்கத்தின் செயலாளர் ஜெயகிருஷ்ணன் இதையெல்லாம் கணக்கில் சேர்க்கத் தயாராக இல்லை.

ஜெயகிருஷ்ணன் கோயம்புத்தூர்க்காரர். பெரிய தனியார் கம்பெனியில் பெரிய உத்தியோகம். கார் இரண்டு, நிறுத்த இடம் ஒன்று. அவர் பேசினால் மரியாதை வழியும். வழியும் இடமெல்லாம் எரியும். ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் பொதுக்குழுவில், இதர விஷயங்கள் என்ற தலைப்பு வரும்வரை காத்திருந்து எழுந்து நிற்பார்.

“நம்ம தென்னை என்னாச்சுங்க சார்? காய் புடிச்சுதுங்களா, இல்ல விளக்கமாறுதானுங்களா இந்த வருசமும்?”

மண்டபம் சிரிக்கும். கஸ்தூரிரங்கன் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

பதினோராவது வருஷப் பொதுக்குழுவில் ஜெயகிருஷ்ணன் சிரிப்போடு நிற்கவில்லை. தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்த பொதுக்குழுவுக்குள் மரம் ஒரு காயாவது காய்க்காவிட்டால் அதை அப்புறப்படுத்திவிட்டு, அந்த மூலையில் இரண்டு கார் நிறுத்த இடம் போட வேண்டும். மரம் வெட்ட அனுமதி வாங்க வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள். அதையும் அவர் படித்துவிட்டு வந்திருந்தார். தென்னை என்பது மரமே கிடையாது, ஒரு வகைப் புல், இன்டர்நெட்டில் போட்டிருக்கிறது, புல் வெட்ட எவன் அனுமதியும் வேண்டாம்.

இங்கேதான் கஸ்தூரிரங்கன் தன் தலையில் தானே மண் போட்டுக்கொண்டார். தீர்மானத்தின் வாசகம் அவருக்குப் பொறுக்கவில்லை. ‘ஒரு காய்’ என்பது தெளிவில்லாமல் இருக்கிறது என்று எழுந்தார். ‘உடைக்கத் தகுந்த, முற்றிய தேங்காய் ஒன்று’ என்று திருத்தம் கொடுத்தார். ஜெயகிருஷ்ணன் அந்தத் திருத்தத்தை வழிமொழிந்தார். அவ்வளவு வேகமாக அவர் எதையும் வழிமொழிந்ததில்லை.

மறுநாள் முத்தம்மாதான் விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். பாளை விட்டு, பிஞ்சு பிடித்து, முற்றிய காயாக ஒரு வருஷம் ஆகும். இப்போது மேலே இருக்கிற பிஞ்சு நின்றால்தான் உண்டு. நிற்காவிட்டால் அடுத்த செப்டம்பருக்குள் காய் என்ற பேச்சே இல்லை. ‘ஒரு காய்’ என்றே விட்டிருந்தால் பிஞ்சைக் காட்டியாவது பிழைத்திருக்கலாம். ஜனவரியில் மூடுபனி வந்தது. மேலே இருந்த ஒன்பது பிஞ்சும் நான்கு நாளில் கீழே வந்துவிட்டன.

அந்த நாலு நாளும் கஸ்தூரிரங்கன் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு மானம் போவது பெரிதாகப் படவில்லை. அது வருஷாவருஷம் போய்ப் பழகிய ஒன்று. காலை பதினொரு மணிக்கு என்ன செய்வது என்பதுதான் திரும்பவும் வந்து எதிரே நின்றது. பதினோரு வருஷமாக அந்த நேரத்துக்கு அவர் ஒரு வாளி தண்ணீரோடு மரத்தடிக்குப் போவார், அண்ணாந்து பார்ப்பார், கீழே வருகிறவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுவார். கார் நிறுத்துமிடத்தில் போய் நின்று எவனோடு பேசுவது?

மார்ச்சில் புதுப் பாளை ஒன்று வெடித்தது. பிஞ்சு பிடித்து செப்டம்பர்வரை நின்றால், அதைக் காட்டி அவகாசமாவது கேட்கலாம். அவகாசம் கேட்பதில் கஸ்தூரிரங்கனுக்குப் பயிற்சி உண்டு. அப்போதுதான் முத்தம்மா தன் யோசனையைச் சொன்னாள்.

“காய்க்காத மரத்தச் சும்மா வுடக் கூடாது சார். மெரட்டணும். ஒருத்தர் அருவாள எடுத்துக்கிட்டு வெட்டப் போறேன்னு வரணும். இன்னொருத்தர் குறுக்க வுழுந்து, வேணாம், இந்தவாட்டி காய்க்கும், நான் சொல்றேன்னு ஜாமீன் நிக்கணும். மரத்துக்கு ரோஷம் வந்துரும்.”

“இதுக்கு ஏதாவது ஆய்வு இருக்கா?” என்றார் கஸ்தூரிரங்கன்.

“ஆய்வெல்லாம் தெரியாது சார். எங்க வூட்டு மாமரம் இருக்குது.”

அவர் வீட்டுக்கு வந்து இந்த மூடத்தனத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். ருக்மிணி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

“முப்பத்தஞ்சு வருஷம் ஆபீஸ்ல மனுஷாளை இதைத்தானே பண்ணிண்டிருந்தேள். ஒரு மரத்துக்குப் பண்றதுக்கு என்ன கூச்சம்?”

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, யாரும் எழுந்திருப்பதற்கு முன், என்று முடிவாயிற்று. அரிவாள் கிடைக்கவில்லை. மயூர் விஹார் வீட்டில் அரிவாளுக்கு எங்கே போவது? ருக்மிணி தன் அரிவாள்மணையைக் கொடுத்தாள். நுனியில் தேங்காய் துருவும் பல் வைத்த பழைய அரிவாள்மணை. அதைப் பார்த்தாலே மரத்துக்கு விஷயம் புரிந்துவிடும் என்பது அவள் கட்சி.

கஸ்தூரிரங்கன் பஞ்சகச்சம் மாதிரி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அரிவாள்மணையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, மரத்தின் முன் நின்றார். முதலில் தமிழில்தான் ஆரம்பித்தார். பதினோரு ஆண்டுகளாக உனக்களிக்கப்பட்ட நீர், உரம், மேற்பார்வை ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு, நீ ஏன் வெட்டப்படக் கூடாது என்பதற்குக் காரணம் காட்டுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறாய் என்றார். மரம் காரணம் காட்டவில்லை.

முத்தம்மா அண்ணாந்து ஓலையைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

“சார், இது இங்கயே மொளைச்சது. நம்ம புள்ளைங்க மாதிரி. எம் பொண்ணத் தமிழ்ல திட்டுனா சிரிக்குது. இந்தியில திட்டுனாத்தான் திரும்பிப் பாக்குது.”

கஸ்தூரிரங்கன் யோசித்தார். குருகிராமில் இருக்கும் அவர் மகன் நரேனும் அப்படித்தான். மயூர் விஹாரில் முளைத்த தென்னைக்குத் தமிழ் எப்படித் தெரியும்? வாதத்தில் ஓட்டை இல்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அரசு அலுவலக இந்தியில் ஒரு போடு போட்டார்.

“ஏ பேட்! யே தேரி அந்திம் சேதாவனி ஹை! ஆஜ் துஜே காட் தூங்கா!”

மரமே, இது உனக்குக் கடைசி எச்சரிக்கை, இன்று உன்னை வெட்டிவிடுவேன். குரல் நான்காவது மாடிக்குக் கேட்டது. முத்தம்மா ஓடிவந்து குறுக்கே விழுந்து, “சோட் தோ ஸாப்! இஸ் சால் பக்கா தேகா, மேரி கேரண்டி!” என்று மரத்தைக் கட்டிக்கொண்டாள். விட்டுவிடுங்கள் ஐயா, இந்த வருஷம் நிச்சயம் காய்க்கும், நான் ஜாமீன். அவர் அரிவாள்மணையை இன்னும் இரண்டு தரம் ஓங்கினார். கொஞ்சம் சந்தோஷமாகவே ஓங்கினார். ஓய்வுக்குப் பிறகு இப்படி யாரையும் அதட்டிப் பார்த்ததில்லை.

நான்காவது மாடி பால்கனியில் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஜெயகிருஷ்ணன், மூச்சை உள்ளேயே நிறுத்திவிட்டு, போனை எடுத்துப் படம் பிடித்தார்.

தமிழில் மட்டும் மிரட்டியிருந்தால் அந்தப் படத்தால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இருந்திருக்காது. இந்தியில் மிரட்டியதால் அது டெல்லியின் எந்த அலுவலகத்திலும் செல்லக்கூடிய சாட்சியமாகிவிட்டது. ஜெயகிருஷ்ணன் அன்றைக்கே மரங்களைப் பார்த்துக்கொள்ளும் அரசு அலுவலகத்துக்கு ஆன்லைனில் புகார் அனுப்பினார். ‘நன்கு வளர்ந்த, ஆரோக்கியமான மரம் ஒன்றை, கூரிய ஆயுதத்தால், ஒரு பெண் தடுத்தும் கேளாமல்’ என்று எழுதி, படத்தையும் சேர்த்திருந்தார். மரத்தின் மேல் அவருக்குப் பாசம் ஒன்றும் இல்லை. சங்கத் தேர்தலில் தன்னை எதிர்த்து நிற்கக்கூடிய ஒரே ஆளை ஒரு அதிகாரியின் முன்னால் கைகட்டி நிற்க வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மே மாதம் ஒரு பகலில் அதிகாரி வந்தார். ராவத் என்று பெயர், மலைப்பக்கத்துக்காரர். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, டாப்லெட்டில் படத்தை ஓடவிட்டுக் கஸ்தூரிரங்கனிடம் காட்டினார். கஸ்தூரிரங்கன் தன்னையே ஒரு நிமிடம் பார்த்தார். அரிவாள்மணை ஓங்கிய அந்த மனிதரை அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

சடங்கை விளக்க அரை மணி ஆயிற்று. முத்தம்மா குறுக்கே விழுந்து ஒருமுறை நடித்தும் காட்டினாள். ராவத் சிரிக்கவில்லை. தன் சித்தப்பா அக்ரோட், அதாவது வால்நட், மரத்தின் முன்னால் இதையே கோடரியோடு செய்வார் என்றும், அதில் தனக்குச் சின்ன வயதில் ஜாமீன் நிற்கிற வேஷம் என்றும் சொன்னார். பிறகு தண்டைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு கீறல் இல்லை. குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று புகாரை முடித்துவிடலாம் என்றார். இதற்காகவே கீழே இறங்கி வந்து நின்றிருந்த ஜெயகிருஷ்ணனின் முகம் தொங்கிப்போனது.

ஆனால் முடிப்பதற்கு ஒரு படிவம் இருந்தது. புகார் வந்த மரத்துக்கு எண் கொடுக்க வேண்டும். எண் கொடுத்துவிட்டால் அது பதிவான மரம். அதற்கப்புறம் அந்த அலுவலகத்தின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் யாரும் அதைத் தொட முடியாது, ஒரு அடி நகர்த்தக்கூட முடியாது.

கஸ்தூரிரங்கனுக்கு ஒரு கணம் காது அடைத்தது. ஜெயகிருஷ்ணனுக்கும் அடைத்திருக்க வேண்டும். அவர் உடனே முன்னால் வந்து, இது மரம் இல்லை, ஒரு வகைப் புல் என்று ஆரம்பித்தார்.

ராவத் டாப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். “நன்கு வளர்ந்த, ஆரோக்கியமான மரம் என்று எழுதியது நீங்கள்தானே, பாய்ஸாப்? மரமே இல்லை என்றால் இது பொய்ப் புகார். அதற்கு வேறு படிவம் இருக்கிறது.”

ஜெயகிருஷ்ணன் அந்த வேறு படிவத்தை விரும்பவில்லை. மரம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

ராவத் மரவகை என்ற கட்டத்தில் விரலை வைத்தார். பட்டியல் விரிந்தது. வேம்பு இருந்தது, அரசு இருந்தது, நாவல், கொன்றை, கீகர் என்கிற கருவேலம் எல்லாம் இருந்தன. மேலே போனார், கீழே வந்தார். தேங்காய்க்கு இந்தியில் நாரியல். நாரியல் இல்லை.

“டெல்லியில் நாரியல் வளராது,” என்றார், அதன் தண்டில் கையை ஊன்றிக்கொண்டு.

வளரும் என்பதற்கு எதிரிலேயே ஆதாரம் நிற்கிறது என்றார் கஸ்தூரிரங்கன். மருந்து டப்பாவைக் கொண்டுவரட்டுமா என்றும் கேட்டார். ராவத் பொறுமையாகச் சொன்னார்: பட்டியலில் இல்லாத மரத்துக்கு எண் விழாது; எண் இல்லாவிட்டால் பாதுகாப்பும் இல்லை; அப்புறம் சொஸைட்டி பாடு, உங்கள் பாடு. இந்தச் சாதியில் பட்டியலில் இருப்பது ஒன்றே ஒன்று, கஜூர். அதாவது பேரீச்சை. ஓலை கிட்டத்தட்ட அப்படித்தானே இருக்கிறது? கஜூர் என்று போட்டுவிடட்டுமா? மேற்கண்ட விவரங்கள் உண்மை என்று நட்டவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

கஸ்தூரிரங்கன் அந்தத் திரையைப் பார்த்தபடி நின்றார். பன்னிரண்டு வருஷமாக அவர் ஊருக்குச் சொல்லிவந்தது ஒரே ஒரு விஷயம்: டெல்லியில் தென்னை வளரும். அரசாங்க ஆவணத்தில் உண்மைக்கு மாறாக ஒரு எழுத்துக்கூட எழுதியதில்லை என்பது அவரிடம் மிச்சமிருந்த ஒரே சொத்து. இரண்டையும் ஒரே கையெழுத்தில் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

திரும்பி முத்தம்மாவைப் பார்த்தார். எதற்கு அவளைப் பார்த்தார் என்று அவருக்குத் தெரியாது. மரத்துக்கு ஜாமீன் நின்றவள் அவள்தான் என்பதாலோ என்னவோ.

“பேரீச்சையா இருந்தா என்ன சார்,” என்றாள் முத்தம்மா. “நிக்குதுல்ல.”

அவர் கையெழுத்துப் போட்டார். ராவத் பையிலிருந்து ஒரு தகரத் தகட்டை எடுத்து, ஆணி அடிக்காமல் கம்பியால் தண்டில் கட்டினார். 4127. மோட்டார் சைக்கிளைக் கிளப்பப் போனவரிடம் கஸ்தூரிரங்கன் ஓடிப்போய் நின்றார். நன்றி சொல்ல வேண்டும். பயிற்சி இல்லை. கடைசியில் “தன்யவாத்” என்றார். அந்தச் சொல்லை அவர் அதுவரை விழா மேடைகளில் பிறர் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்.

ஒருமுறை திறந்ததும் அது நிற்கவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ருக்மிணியிடம் ரசத்துக்கு நன்றி என்றார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் காலை முத்தம்மாவிடம் சொன்னார். குழி வெட்டியதற்கு, உப்புப் போட்டதற்கு, குறுக்கே விழுந்ததற்கு, விளக்குமாற்றுக்கு. பன்னிரண்டு வருஷப் பாக்கி என்பதால் பட்டியல் நீண்டது. முத்தம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “காலைத் தூக்குங்க சார், பெருக்கணும்,” என்றாள். ஆனால் அன்றைக்கு அந்த மூலையை அவள் இரண்டு தரம் பெருக்கினாள்.

அதற்கப்புறம் ருக்மிணியைத் தேங்காய் பர்பி செய்யச் சொல்லி, டப்பாவோடு நான்காவது மாடிக்கு ஏறினார். கதவைத் திறந்த ஜெயகிருஷ்ணன் டப்பாவைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

“எதுக்குங்க சார் இது?”

“நீங்க புகார் கொடுத்தேளே, அதுக்கு. நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“நான் உங்கள மாட்டிவுடத்தானுங்க குடுத்தேன்.”

“தெரியும். அதுக்கும் சேர்த்துத்தான்.”

ஜெயகிருஷ்ணன் டப்பாவைத் திறந்து பார்த்தார். அவமானப்படுத்த வந்திருந்தால் சமாளித்திருப்பார். ஒரு பர்பியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, உள்ளே வாருங்கள் என்று கையைக் காட்டினார். கீழே இறங்கும்போது மணி பன்னிரண்டரை. காலை பதினொரு மணியை எங்கே கழிப்பது என்ற கேள்வி அன்றைக்கு அவருக்கு எழவே இல்லை.

செப்டம்பர் பொதுக்குழுவில் தீர்மானம் எடுத்த எடுப்பில் செத்தது. பதிவான மரத்தின்மேல் தீர்மானம் செல்லாது. கஸ்தூரிரங்கன் எழுந்து, செயலாளரின் விழிப்புணர்வுக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்; கேலி என்று எல்லாரும் சிரித்தார்கள். கேலி இல்லை என்று ஜெயகிருஷ்ணனுக்கு மட்டும் தெரிந்ததால் அவர் சிரிக்கவில்லை.

மேலே நான்கு பிஞ்சு நின்றது. மிரட்டலில் வந்த ரோஷம் என்று முத்தம்மா சொன்னாள். டிசம்பர் பிறந்ததும் குலையைச் சுற்றிக் கோணிச்சாக்கு கட்டினாள். ஜனவரியில் எதிர்வீடு தெரியாத மூடுபனி வந்த அன்று, ஜெயகிருஷ்ணன் தலையில் மங்கி குல்லாயும் கையில் ஒரு மூட்டையுமாகக் கீழே வந்தார். பழைய கார் கவர். “புதுசு வாங்கிட்டனுங்க, இது சும்மா கெடந்துது,” என்று யாரும் கேட்காமலே சொன்னார். மூன்று பேருமாக ஏணி போட்டு, குலையைச் சுற்றிக் கார் கவரைக் கட்டினார்கள். முத்தம்மா மேலே, ஜெயகிருஷ்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, கஸ்தூரிரங்கன் மேற்பார்வை. தை மாதம் முடிந்து அவிழ்த்துப் பார்த்தபோது மூன்று காய் போயிருந்தது. ஒன்று இருந்தது.

அந்த ஒன்றுதான் சித்திரை முதல் தேதி காலை பிள்ளையாருக்கு முன்னால், வாழையிலையில், மஞ்சள் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது. குடும்பத்துக்கு இருவர் என்று சொல்லியிருந்தும் எல்லாரும் வந்திருந்தார்கள். தகரக் கூரை வீட்டிலிருந்து முத்தம்மாவின் மகள் மேகலாகூட வந்திருந்தாள். அம்மா விளக்குமாறு கட்டும் ஈர்க்குக் குவியலுக்கு நடுவில் வளர்ந்த பெண். கஸ்தூரிரங்கன் நன்றியுரைக்காக மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். அலுவலகத்துக்கு, சிலிண்டர்காரனுக்கு, ராவத்துக்கு, ஜெயகிருஷ்ணனுக்கு, அவர் கார் கவருக்கு, முத்தம்மாவுக்கு, அரிவாள்மணைக்கு, ருக்மிணிக்கு. ஒவ்வொரு பெயராகச் சொல்லிவந்தவர் மரம் என்ற இடத்தில் நிறுத்தி, வடகிழக்கு மூலையைத் திரும்பிப் பார்த்தார். பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் முடிக்காமல் விட்ட உரை அது ஒன்றுதான். கேட்டவர்களும் அதற்கு நன்றியோடுதான் இருந்தார்கள்.

உடைக்கும் பொறுப்பை முத்தம்மாவிடம் கொடுத்தார். ஒரே போடு. சரிபாதியாகப் பிளந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று பருப்பு, விரற்கடை கனம். தண்ணீர் ஒரு டம்ளர் இருந்தது. ஆளுக்கு ஒரு துளி உள்ளங்கையில் விட்டார்கள். இனிப்பு என்றார்கள் சிலர், லேசாக உப்புக் கரிக்கிறது என்றார்கள் சிலர். ஜெயகிருஷ்ணன் தன் துளியை நக்கிவிட்டு, “நம்ம பொள்ளாச்சித் தேங்காய்க்குக் கொறஞ்சதில்லீங்க சார்,” என்றார். கோயம்புத்தூர்க்காரர் வாயிலிருந்து அது வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ருக்மிணி பருப்பை நாற்பத்தொன்பது துண்டாகக் கீறி, முதல் துண்டை முத்தம்மாவுக்கும், கடைசித் துண்டைத் தன் புருஷனுக்கும் கொடுத்தாள். அவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

எல்லாருக்கும் மனசு நிறைந்திருந்தது. டெல்லியில் தேங்காய் விளைந்துவிட்டது என்று யாரோ உரக்கச் சொன்னார்கள். கஸ்தூரிரங்கன் சட்டென்று வாயில் விரலை வைத்தார்.

அரசாங்கப் பதிவேட்டின்படி, அன்று காலை பிள்ளையாருக்கு உடைக்கப்பட்டது ஒரு பேரீச்சம்பழம்.